மூணு புளியங்கொட்டை, அப்புறம் டமாரம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கழுதைங்க நல்லாப் பேசிக்கிட்டும், ராஜாக்கள் எதையுமே காதுல வாங்காமலும் இருந்த காலத்துல, மணிக்கொம்பு தேசம்னு ஒரு தேசம் இருந்துச்சு. அதுக்கு ராஜா ஆரவாரப் பூபதி. பேருக்கேத்த ஆளு. அவர் எழுந்தா டமாரம். உக்காந்தா டமாரம். தும்மினா? அதைக் கேக்கவே வேணாம்! "ஹ... ஹ... ஹச்!"னு ஒரு தும்மல் விழுந்தா, டமாரக்காரர் சொக்கப்பன் டம் டம் டம்னு மூணு அடி அடிப்பாரு. எண்பது சேவகர்களும் ஒரே தொண்டையில "பராக்! பராக்! பராக்!"னு கூவுவாங்க. ஏழு தலைமுறையா இதான் வழக்கம். மார்கழி மாசம் ராஜாவுக்குச் சளி புடிச்சா, போர் வந்துடுச்சுன்னு பக்கத்து நாட்டுக்காரங்க மூட்டை கட்டுவாங்க.

அந்த ராஜாவுக்கு ஒரே பொண்ணு, இளவஞ்சி. ஆறு வயசு. பேச்சு ரொம்பக் கம்மி. நாள் பூரா புளியங்கொட்டையை வரிசையா அடுக்குவா. ஒரு கொட்டை கோணாது. சக்கரம் எதாவது சுத்தினா போதும், அதைப் பாத்து கலகலன்னு சிரிப்பா. ஆனா திடீர்னு காதைப் பொத்திக்கிட்டுத் தரையில விழுந்து "வீ...ல்!"னு கத்துவா. கிட்டப் போனா கடி. மந்திரி முழங்கையில இன்னும் பல்லுத் தடம் இருக்கு.

"பேய் புடிச்சிருக்கு"ன்னாரு மந்திரி, கையை ஊதிக்கிட்டே.

பேயை விரட்ட என்ன செய்யணும்? டமாரம் அடிக்கணும்! அவ கத்துவா, இவங்க அடிப்பாங்க. இவங்க அடிக்க, அவ இன்னும் கத்துவா. அவ கத்த, இவங்க இன்னும் பலமா அடிப்பாங்க. எல்லாரும் அவ்வளவு கெட்டிக்காரங்க!

அப்போ வந்து சேந்தான் மந்திரவாதி ஜடாமுடி ஜம்பன். முடி முழங்கால் வரைக்கும். குரல் எண்ணெய் போடாத கதவு மாதிரி.

"ராஜாவே, க்ரீச்... இந்த மஞ்சக் கயித்தைக் குழந்தை கையில கட்டுறேன். ஒரு தடவை கத்தினா ஒரு கால் விரல் பொன்னாயிடும். பயந்து தானா அடங்கிடும். பௌர்ணமி சபையில மூணு டமாரம் முடியற வரைக்கும் கத்தாம இருந்துட்டா, கயிறு அறுந்துடும், விரலும் பழையபடி ஆயிடும்."

"பத்து விரலும் பொன்னாயிட்டா?"

"முழுப் பிள்ளையும் பொன் பொம்மை! கத்தாது, கடிக்காது, அழாது. பொம்மை எனக்கு. க்ரீச்."

"ஐயோ, வேணாங்க!"ன்னு ராணி செம்பவளம் ஓடி வந்தா. அதுக்குள்ள ராஜா தலையை ஆட்டிட்டாரு. ஜம்பன் கட்டிட்டான். கட்டின கயித்தை யாராலயும் அவுக்க முடியல. அவன் சடையில இருந்து பறந்த தூசு ராஜா மூக்குல ஏறுச்சு. ஹ... ஹ... ஹச்! டம் டம் டம்! பராக் பராக் பராக்! வீ...ல்!

டிங்! கால் கட்டை விரல் பொன்னு.

ராஜாவுக்கு அப்பத்தான் விபரீதம் புரிஞ்சுது. "கத்தாதேடி"ன்னு மிரட்டினாரு. வீல். டிங்! "கத்தாதேம்மா, லட்டு தரேன்"னு கெஞ்சினாரு. லட்டு போய் மந்திரி நெத்தியில விழுந்துச்சு. வீல். டிங்! ரெண்டு நாள்ல ஆறு விரல் போயிடுச்சு. ராணி அந்தப் பிஞ்சுக் காலை மடியில வெச்சுக்கிட்டு, பொன்னாகாத நாலு விரலையும் எண்ணி எண்ணி அழுதா.

மூணாம் நாள் அரண்மனைக்கு உப்பு கொண்டு வந்தா வெள்ளச்சி. இருபது வயசு இருக்கும், வாய் துடுக்கு. அவ கழுதை பேரு மிராசு. மூட்டையை இறக்கும்போது ராஜா மாடத்துல வந்து நின்னாரு. டம் டம் டம்! மிராசு பின்னங்காலைத் தூக்கி விட்டுச்சு பாருங்க ஒரு உதை, மூட்டை பறந்து மந்திரி தலையில கொட்டுச்சு.

"திமிர் புடிச்ச கழுதை!"ன்னாரு மந்திரி, உப்பு ஊறுகாய் மாதிரி நின்னுக்கிட்டு.

"திமிராவது ஒண்ணாவது"ன்னுது மிராசு. "உங்க காது கொத்தவரங்கா. என் காது முறம். அந்தச் சத்தம் உள்ள போய்க் குத்துதுய்யா! குத்துனா உதைக்க மாட்டேனா?"

அதே நேரம் உள்ளே வீல். டிங்! ஏழு.

ராணி மாடிப்படியில அப்படியே நின்னுட்டா. வெள்ளச்சியும் கழுதையைப் பாத்தா, உள்ளே காதைப் பொத்தின குழந்தையைப் பாத்தா. "மகாராணி, அம்மான்னு நினைச்சு கேக்கறேன். பாப்பா கத்துறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"டமாரம்."

"நேத்து?"

"ராஜா உக்காந்தாரு. டமா..." ராணி வாயைப் பொத்திக்கிட்டா. "முந்தாநாள் தும்மினாரு. டமாரம்!"

"பேயும் இல்ல பூதமும் இல்ல. பாப்பாவுக்கு நம்ம மிராசு காது. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம கத்துறா. பௌர்ணமிக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. நான் சொல்றபடி ராசா கேப்பாரா?"

"கேப்பேன்!"னு மாடத்துல இருந்து கத்தினாரு ராஜா.

"முதல்ல மெதுவா கேளுங்க ராசா."

முதல் நாள் சொக்கப்பன் டமாரத்தைத் தூக்கிட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. வெள்ளச்சி இளவஞ்சி பக்கத்துல உக்காந்து, புளியங்கொட்டையை வெச்சா. ஒண்ணு. ரெண்டு. மூணு. மூணாவது வெச்சதும் சொக்கப்பனுக்குத் தெரியற மாதிரி ஒரு துணியை ஆட்டினா. தூ...ரத்துல 'டும்'. கொசு தும்மின மாதிரி.

இளவஞ்சி தலை தூக்கினா. கத்தல!

உடனே ராணி, ராஜாவோட ரதத்தைக் கவுத்துப் போட்டு சக்கரத்தை ஒரு சுத்து சுத்தி விட்டா. கலகலன்னு ஒரே சிரிப்பு. "என் ரதம்!"னாரு ராஜா. "உங்க பொண்ணு"ன்னா ராணி.

கொட்டை, கொட்டை, கொட்டை, டும், சக்கரம். டமாரம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வந்துச்சு. பாப்பா கை காதுக்குப் போச்சுன்னா, வெள்ளச்சி அந்தக் கையை மெல்லப் புடிச்சு முன்னாடி தூக்கிக் காட்டுவா. உள்ளங்கை தெரிஞ்சா 'போதும்'னு அர்த்தம். எல்லாரும் அந்த நொடியே நிறுத்தணும். அதுக்கும் சக்கரம் உண்டு.

ரெண்டாம் நாள் டமாரம் தோட்டத்துக்கு வந்துச்சு. இளவஞ்சி யாரும் புடிக்காம தானே கையைத் தூக்கினா. ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கல. புதருக்குப் பின்னாடி இருந்து குதிச்சு "பலே!"ன்னாரு. வீல். டிங்! எட்டு.

ராஜா புல்லுல உக்காந்து அழுதாரு. டமாரம் இல்லாம அவர் உக்காந்தது அதான் முதல் தடவை.

"ராசா, நீங்க சொல்லாம குதிச்சீங்க. அவ்வளவுதான். கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி வாங்க. மூணு கொட்டை வெச்சுட்டு வாங்க."

ராஜா மூணு கொட்டை வெச்சாரு. அப்புறம், காத்துக்குக் கூடக் கேக்காம, "பலே"ன்னாரு. இளவஞ்சி அவரைப் பாத்தா. நாலாவதா ஒரு கொட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில வெச்சா.

மூணாம் நாள் டமாரம் வாசலுக்கே வந்துச்சு. பாப்பாவுக்கு விஷயம் புடிபட்டுடுச்சு! சத்தமே இல்லாதப்போ சும்மா கையைத் தூக்கினா. சேவகன் கால் தூக்கினபடி நின்னான். மந்திரி வாயில வடையோட நின்னாரு. இவ விழுந்து விழுந்து சிரிக்கிறா.

"ராஜாவுக்கு மேல ஒரு ராஜா"ன்னுது மிராசு.

பௌர்ணமி அன்னிக்குக் காலையில சமையக்கட்டுல ஒரு அண்டா உருண்டுச்சு. வீல். டிங்! ஒன்பது. மிச்சம் ஒரே ஒரு சுண்டு விரல்.

சாயங்காலம் சபை கூடுச்சு. ஜம்பன் பொம்மையைச் சுத்திக் கொண்டு போக பட்டுத் துணியோட வந்து நின்னான். இளவஞ்சி முன்னாடி வெள்ளச்சி கொட்டை வெச்சா. ஒண்ணு, ரெண்டு, மூணு. முதல் டமாரம். கத்தல. ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டாவது டமாரம். கத்தல! ஒண்ணு, ரெண்...

பாவி ஜம்பன், சொக்கப்பன் கையில இருந்த குச்சியைப் புடுங்கி, டமடமடமடமன்னு அடிக்க ஆரம்பிச்சுட்டான்!

இளவஞ்சி தரையில விழுந்தா. ரெண்டு கையும் காதுல. வாய் திறந்துச்சு. ராணி கண்ணை மூடிக்கிட்டா.

ஒரு கை காதை விட்டு வந்துச்சு. மெல்ல மெல்ல மேல வந்துச்சு. விரிஞ்சுச்சு.

போதும்.

எல்லாரும் சிலையா நின்னாங்க. ஜம்பன் மட்டும் நிறுத்தல. டமடமடம! ராஜா சிம்மாசனத்துல இருந்து எகிறினாரு. கிரீடம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். ஓடி வந்து அந்த டமாரத்து மேலேயே தொப்புன்னு உக்காந்தாரு பாருங்க!

டர்ர்ர்ர்!

தோல் கிழிஞ்சு ராஜா உள்ள போயிட்டாரு. தலையும் ரெண்டு காலும் மட்டும் வெளிய. அந்தக் கோலத்துல, ரொம்ப மெதுவா சொன்னாரு: "என் பொண்ணு போதும்னு சொல்லிட்டா. அவ சொன்னா போதும்."

மூணாவது டமாரமும் முடிஞ்சுது. சுண்டு விரல் அப்படியே இருக்கு!

டக்! கயிறு அறுந்துச்சு. டிங் டிங் டிங்னு ஒன்பது பொன் தொப்பி கழண்டு உருண்டுச்சு. உள்ளே ஒன்பது குட்டி விரல், ரோஜா நிறத்துல, ஆடுது. அறுந்த கயிறு பறந்து போய் ஜம்பன் கையிலயே சுத்திக்கிச்சு.

"ஐயோ!"ன்னான். டிங்! "ஐயையோ!" டிங்!

"கத்தாதீங்க சாமி, கையைத் தூக்குங்க! யாராவது நல்லவங்க பாத்து நிறுத்துவாங்க!"ன்னா வெள்ளச்சி. ஒரு கையால வாயைப் பொத்தி, ஒரு கையைத் தூக்கிக்கிட்டு ஓடினவன்தான், ஏழு மலை தாண்டியும் நிக்கலையாம்.

பொன் தொப்பி ஒன்பதும் வெள்ளச்சிக்கு. அதுல அவ ஒரு வண்டி வாங்கினா. சக்கரம் மட்டும் ரொம்பப் பெருசு, யாருக்காகன்னு உங்களுக்கே தெரியும். மிராசுக்குக் காது மந்திரி பதவி. பழைய மந்திரி அதுக்கு தினமும் வணக்கம் வைக்கணும், மெதுவா.

இளவஞ்சிக்கு இப்பவும் பேச்சு கம்மிதான். சில நாள் கத்துவா. கத்தினா யாரும் டமாரத்தை எடுக்கறதில்ல, "என்னாச்சு?"ன்னு சுத்திப் பாப்பாங்க. புது டமாரம் வந்துச்சு. ஆனா சொக்கப்பன் இப்போ ராஜாவைப் பாக்கறதில்ல, பாப்பாவைத்தான் பாக்கறாரு.

ஒரு நாள் சபையில ராஜா மூக்கு துடிச்சுது. "ஹ..." இளவஞ்சி கவனிச்சுட்டா. முதல் கொட்டையை வெச்சா. "ஹ..." ரெண்டாவது. மூணாவதைக் கையிலயே வெச்சுக்கிட்டு அப்பாவைப் பாத்து குறும்பா சிரிக்கிறா. ராஜா மூக்கைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, காத்திருக்காரு. சபையே காத்திருக்கு. கழுதையும் காத்திருக்கு.

மெல்ல, வரிசை கோணாம, மூணாவது கொட்டை கீழ வந்துச்சு.

ஹச்! டும்.

அன்னிலேர்ந்து மணிக்கொம்பு தேசத்துல தும்மல்கூட சொல்லிட்டுத்தான் வந்துச்சாம்.