பத்தொன்பதாவது இழை

குருவுக்கு இருபத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குருவின் பெயர் பிரமிளா. சூலூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. விமானத்துக்கும் ராணுவ வண்டிகளுக்கும் போகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து முனை போடுகிற இடம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பவள் அவள். அதிகம் பேச மாட்டாள்.

சீடர் நாச்சிமுத்து. சுற்றுவட்டாரத்தில் எந்த மாரியம்மன் நோம்பி, எந்தத் திருவிழா என்றாலும் சீரியல் லைட் அவர் கைதான். முப்பது வருஷமாக வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்து, முன்பல் இரண்டுக்கும் நடுவே வயர் தடிமனுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அனுபவம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் வாயைத் திறந்து அதைக் காட்டுவார்.

வேலை கிடைத்த அன்றே அவர் மனைவி மயிலாத்தாள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு ஏரோப்ளேன் செய்யப் போறாருங்க." மறுநாள் டீக்கடையில் அவருக்குப் பைலட் என்று பெயர் வந்துவிட்டது.

ஆனால் சேர்ந்தவர்களுக்கு மூன்று சோதனை உண்டு. மூன்றிலும் தவறினால் பேக்கிங் பக்கம் போய் அட்டைப் பெட்டி ஒட்ட வேண்டியதுதான். பைலட் அட்டைப் பெட்டி ஒட்டுகிறார் என்று தெரிந்தால் அந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது?

முதல் நாள் பிரமிளா ஒரு வயர்த் துண்டைக் கொடுத்தாள். வெள்ளை வயர். வாங்கின வேகத்தில் அது அவர் வாய்க்குப் போனது.

"டிபன் பதினோரு மணிக்குத்தானுங்கண்ணா" என்றாள் பிரமிளா.

அவர் வெளியே எடுத்துப் பார்த்தார். தோலில் ஒரு பல்தடம் மட்டும் இருந்தது.

"என்ன அம்மிணி இது, இப்படி வழுக்குது? கடையில விக்கிற வயருக்கு என்ன குறைச்சல்?"

பிரமிளா அவர் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த கடை வயரில் ஒரு துண்டு கேட்டு வாங்கினாள். இரண்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அடியில் லைட்டரைப் பிடித்தாள். கடை வயர் உருகிச் சொட்டி, கன்னங்கரேலென்று புகைந்தது. நாச்சிமுத்துவுக்கு இருமல் நிற்கவில்லை. வெள்ளை வயருக்குக் கொஞ்சம் கரி பிடித்ததோடு சரி.

"தண்ணி குடிங்கண்ணா" என்றாள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவருக்கு வேறு கேள்வி. "எல்லாம் வெள்ளையா இருந்தா எது எதுன்னு எப்படி அம்மிணி தெரியும்? சேப்பு, மஞ்சள், நீலம்னு இருந்தா நல்லதில்லையா?"

"ஒரு விமானத்துல ஆயிரக்கணக்குல வயர் போகுதுங்க. ஆயிரம் கலர் சொல்லுங்க பார்ப்போம்."

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினார். மாம்பழக் கலர், மயிலாத்தாளின் முகூர்த்தப் புடவைக் கலர் இரண்டையும் சேர்த்தும் பதினொன்றுக்கு மேல் போகவில்லை. பிரமிளா லென்ஸைக் கையில் கொடுத்தாள். வெள்ளைத் தோலின் மேல் எறும்பு வரிசை மாதிரி எழுத்தும் எண்ணும் ஓடின.

"ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்குதுங்கண்ணா."

முதல் சோதனை வந்தது. தோலை உரித்தால் உள்ளே வெள்ளி பூசிய செம்பு இழைகள், முடியளவு மெல்லிசு, பத்தொன்பது இருக்க வேண்டும். அவர் உரித்ததில் இரண்டு அறுந்துபோய்ப் பதினேழுதான் இருந்தது. இரண்டாவது சோதனையில் பத்தொன்பதும் இருந்தன. ஆனால் பழக்க தோஷம், வேலை முடிந்ததும் பாக்கெட்டிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் அம்மிணி."

"எதை மறைக்கறதுக்குங்கண்ணா?"

டேப் பிரமிளாவின் மேஜை டிராயருக்குள் போனது. அந்தச் சோதனையும் அதோடு போனது.

மூன்றாவது சோதனைக்குப் பன்னிரண்டு வயர்கள். சூட்டுக் கருவியால் தோலை உரித்து, இழைகளை எண்ணி, ஒவ்வொரு முனையையும் குட்டி உலோகக் குழலுக்குள் நுழைத்து நசுக்கி இறுக்க வேண்டும். நாச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். பதினொன்று அச்சு வார்த்த மாதிரி வந்தன.

பன்னிரண்டாவதில் கருவி தோலைப் பாதி வெட்டி நின்றுவிட்டது. மறுபடி வைத்தார். வழுக்கியது. பிரமிளா அந்தப்பக்கம் திரும்பி வேறொருத்திக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள். அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். முப்பது வருஷப் பல்லாயிற்றே. ஒரே இழுப்பில் தோல் வந்துவிட்டது.

லென்ஸ் வைத்து எண்ணினார். பதினெட்டு. திரும்ப எண்ணினார். எத்தனை தடவை எண்ணினாலும் அது பதினெட்டாகவே இருந்தது. சட்டென்று குழலுக்குள் நுழைத்து நசுக்கிவிட்டார். உள்ளே போனதை யார் பார்க்கப் போகிறார்கள்?

பிரமிளா வந்தாள். இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் மாட்டினாள். ஒன்றும் கழன்று வரவில்லை. பல்புப் பலகையில் மாட்டினாள். பன்னிரண்டு பல்பும் எரிந்தன. நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். அடியில் இரண்டு கோடு. செய்தவர், பார்த்தவர்.

"முதல்ல உங்க கையெழுத்துங்க. அதுக்குக் கீழதான் என்னுது."

அவர் பேனாவைத் திறந்தார். பிரமிளா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணா, அசையாதீங்க."

சின்னக் கிடுக்கியை எடுத்து அவர் மீசையிலிருந்து எதையோ உருவினாள்.

"நரைன்னு நெனச்சேனுங்க. இப்படி மின்னாதே."

கறுப்புத் துணிமேல் அதை வைத்தாள். அரை அங்குல நீளத்தில் பத்தொன்பதாவது இழை.

நாச்சிமுத்துவுக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணுதானே அம்மிணி. தேர் இழுக்கையில ஒருத்தன் வெத்தலை போட ஒதுங்கினா தேர் நின்னுருமா?"

"நிக்காதுங்க."

"இழுத்துப் பார்த்தியே, கழண்டுச்சா?"

"இல்லீங்க."

"பல்பு எரியுதா இல்லியா?"

"நல்லா எரியுதுங்க."

"இது என்ன பறக்கவா போகுது? பழகறதுக்குச் செஞ்சதுதானே."

"ஆமாங்க. போடுங்க கையெழுத்தை."

திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"ஏனுங்கண்ணா, நோம்பியில சீரியல் லைட்டு பாதியில அணைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"அணையறதுதான். எங்க அணைஞ்சுதோ அங்க போய் ஏணியைச் சாத்தி ஏறுவேன்."

"ஏறி?"

"வயரைப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுவேன். பத்துக்கு எட்டுத் தடவை எரிஞ்சுரும்."

"ஆட்டினா எரியுமுங்களா?"

"எரியும்."

"எரியறது, ஆட்டினா அணையுமுங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். "அதுவும் உண்டு. காத்தடிச்சா அந்தத் தொல்லைதான். ஒரு இழை விட்டுதுன்னா, ஆட ஆடப் பக்கத்துல இருக்கறதும் ஒவ்வொண்ணா விட்டுரும்."

சொன்ன வேகத்தில் அவர் பேனா காகிதத்தில் நின்றுவிட்டது.

பிரமிளா தோலில் பல்தடம் இருந்த பன்னிரண்டாவது வயரைப் பலகையிலிருந்து கழற்றினாள். ஒரு பல்பு அணைந்தது. வயரை அவர் முன்னால் வைத்தாள்.

"இது முப்பதாயிரம் அடி உசரத்துல, போய் எறங்கற வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்குமுங்க. ஏணியை எங்கீங்கண்ணா சாத்துவீங்க?"

காகிதத்தில் 'நா' என்று மட்டும் இருந்தது. அதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, நாச்சிமுத்து அந்த முனையை நறுக்க வெட்டுக் குறடை எடுத்தார்.