பீரங்கிப் பந்தி

பூதத்தின் வலது கால் வரவில்லை. இடது காலும் வரவில்லை. அதன் தலைக்குள் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்து இழுத்து கூத்தரசனுக்குக் கை காந்தியது.

எப்படி வரும்? ஐம்பது முழ இரும்புப் பூதம். ஒரு பீரங்கியும் நூறு குண்டும் ஏற்றினால் மான் மாதிரி ஓடும். இரண்டு ஏற்றினால் மாடு மாதிரி நடக்கும். அதற்கு மேல் ஏற்றினால் குண்டு இருக்கும், கால் இருக்காது. கூத்தரசன் தலைபாடாக அடித்துக்கொண்டான். தளபதி மழுவரையன்தான் ராஜா காதில் ஓதி, பன்னிரண்டு பீரங்கி, ஆயிரம் குண்டு, போதாததற்கு ஒரு கவண் என்று அடுக்க வைத்தான். இப்போது களத்துச் சேற்றில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழேவரை புதைந்து நிற்கிறது. சுட்டால் உதைப்பில் தானே மல்லாந்துவிடும்.

எதிரே நொச்சிக்கோட்டைப் பூதம் ஒற்றைப் பீரங்கியோடு குதித்துக்கொண்டிருந்தது. எந்தப் பூதத்தின் முழங்கால் முதலில் சேற்றைத் தொடுகிறதோ அது தோற்றது. தோற்றதை ஓட்டியவன் ஜெயித்த நாட்டில் ஆயுசுக்கும் யானை லத்தி அள்ள வேண்டும். கூத்தரசனுக்கு எலிப் புழுக்கை நாற்றமே ஆகாது.

முரசு கொட்டியது. கொட்டியதும் முதல் காரியம், உள்ளூர்ப் பூதம் வந்த பூதத்தை உபசரிப்பது. அதற்குப் பிறகுதான் சண்டை. பந்தி மாதிரிதான், கொடுப்பதை வேண்டாம் என்றால் அவமரியாதை. எல்லாரும் ஒரு வாழைத்தார் கொடுப்பார்கள். கூத்தரசன் ஒரு பீரங்கியைக் கழற்றி நீட்டினான்.

துரோகம் என்று தளபதி கத்தினான். ராஜா கடம்பவர்மர் மேடையிலிருந்து எழுந்தேவிட்டார்.

“டேய் கூத்தா, என்னடா பண்றே?”

“வீடு தேடி வந்தவங்க மகாராஜா. வெறும் வாழைப்பழத்தையா கொடுக்கிறது?”

இரண்டாவது போனது. மூன்றாவது போனது. போதும் அண்ணே என்று எதிரிப் பூதத்துக்குள்ளிருந்து ஒருவன் முனகினான். ஓசிப் பீரங்கியைப் பார்த்த நொச்சிக்கோட்டை ராஜாவுக்கோ வாயெல்லாம் பல்.

“வாங்கிக்கடா. கொடுக்கிறவனே கொடுக்கிறான், உனக்கென்ன வலிக்குது?”

ஏழாவது பீரங்கியில் எதிரிப் பூதத்தின் கணுக்கால் காணோம். பன்னிரண்டாவதில் கெண்டைக்காலும் காணோம். கடைசியாகக் கவணைத் தோளில் மாட்டி, குண்டு மூட்டையைக் கையில் வைத்ததும், புளுக். முழங்கால் சேற்றில்.

ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. கடம்பவர்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தளபதி மறுபடி காதில் ஓதினான்.

“கூத்தா, அந்தப் பன்னிரண்டு பீரங்கியையும் அவனோட ஒண்ணையும் சேர்த்து நம்ம பூதத்து மேலேயே ஏத்திட்டு வா.”

உத்தரவு மகாராஜா என்று கும்பிட்டுவிட்டு, கூத்தரசன் வெறும் பூதத்தை ஓட்டிக்கொண்டு நேரே சாப்பிடப் போனான்.