தரை தாழ்வான கதை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு என்பதால் நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஒரு மன்னர் இருந்தார். கப்பலில் வந்தது எதுவானாலும் அவருக்கு உசத்தி. அது தெரிந்த பொக்கிஷ அதிகாரி அருமைநாதர், கடல் கடந்த தேசத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தருவித்துச் சபையில் போட்டார். கைப்பிடியில் சிங்க முகம், முதுகில் தங்கப் பூச்சு. மன்னர் ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை.

சபையில் ஒருவராவது உண்மையைச் சொல்ல வேண்டுமே! பாதம் அந்தரத்தில் இருப்பதுதான் சக்கரவர்த்திக்கு அழகு என்றார்கள். மன்னர் குளிர்ந்துபோனார். அரண்மனைத் தச்சர்கள் இனித் தேவையில்லை, பௌர்ணமிக்குள் பட்டறையைக் காலி செய்யட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

தலைமைத் தச்சர் இருளப்ப ஆசாரி, அரண்மனை விகடகவி கூத்தபிரானைத் தேடி ஓடிவந்தார்.

"உக்காரப் போறவுக முழங்காலை ஓலை வச்சு அளந்துட்டுத்தானய்யா நாங்க மரத்துலயே கை வைப்போம். எங்க வேலையில என்ன குத்தம் கண்டாக? பன்னெண்டு குடும்பம், இனி எந்த ஊருக்குப் போறது?"

கூத்தபிரானுக்கு மனம் தாங்கவில்லை. ஆனாலும் மன்னரிடம் நேரே போய்ச் சொல்ல அவன் என்ன பைத்தியமா?

மறுநாள் அயல்நாட்டுத் தூதர் வந்தார். வரவேற்க எழுந்த மன்னருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. அவர் அப்படியே தூதர் மேல் சாய்ந்துவிட்டார். தூதர் விடைபெற்றதும் மன்னரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அருமைநாதர் முந்திக்கொண்டார்.

"நாற்காலியில் குற்றமில்லை அரசே. நம் சபையின் தரைதான் தாழ்வாக இருக்கிறது."

கூத்தபிரான் களுக்கென்று சிரித்துவிட்டான். மன்னரின் கோபம் அவன் பக்கம் திரும்பியது. நாற்காலியில் கீறல் விழக் கூடாது, காலுக்கு மணை போடக் கூடாது, மூன்று நாளில் தம் பாதம் தரையில் பதிய வேண்டும். தவறினால் தச்சர்களோடு அவனும் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான் என்றார். அருமைநாதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"உத்தரவு" என்று சொல்லிவிட்டுக் கூத்தபிரான் கொத்தர்களைக் கூட்டிவரப் போனான்.

நான்காம் நாள் மன்னர் சபைக்கு வந்தபோது கிரீடம் வாசல் நிலையில் 'டங்' என்று மோதியது. குனிந்து பார்த்தால், நாற்காலி நின்ற இடம் மட்டும் பள்ளம். மற்றபடி சபை முழுவதும் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முழம் உயர்ந்திருந்தது. பின்னால் வந்த அருமைநாதருக்கு நெற்றி புடைத்துவிட்டது. மன்னர் போய் உட்கார்ந்தார். பாதம் பதிந்தது.

"என்ன கூத்து இது?" என்றார்.

"தரை தாழ்வு என்றார்கள், உயர்த்திவிட்டேன் அரசே. இனி வாசலை உயர்த்த வேண்டும். பிறகு கூரை, அதன் மேல் மாடம், கடைசியில் கோட்டைக் கதவு. யாருடைய காலுக்கோ செய்த நாற்காலி இது. அது தங்களுக்காகக் குறையாது. நாடுதான் அதற்காக வளர வேண்டும். உத்தரவு கொடுங்கள்."

மன்னர் தம் பாதத்தைப் பார்த்தார். அருமைநாதரின் நெற்றியைப் பார்த்தார். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானின் கழுத்தில் போட்டுவிட்டு, ஓலையோடு ஆசாரியை வரச் சொன்னார்.

குளத்து நீரில் ஊறப்போட்டு ஆறக் காயவைத்த பலா மரத்தில், ஓர் ஆணிகூட அடிக்காமல், இருளப்ப ஆசாரி நாற்காலி செய்து கொண்டுவந்தார். அதில் உட்கார்ந்த அன்று மன்னர் சபையைக் கலைக்கவே மறந்துபோனார். சோறு ஆறிப்போகிறதென்று மகாராணி மூன்று முறை ஆளனுப்ப வேண்டியிருந்தது.