கறை வாங்கிய காடா

முதலில் ஏய்த்தது பட்டுதான். மற்ற துணிகள் பிறகு சேர்ந்துகொண்டவை.

தங்கையாவின் தையற்கடையில் ஒரு மூட்டை வெட்டுத் துண்டுகள் கிடந்தன. ஒருநாள் செல்வராணி டீச்சர் வந்தார். "அண்ணாச்சி, இதையெல்லாம் ஒட்டுப்போட்டு, நடுவுல பழைய போர்வையைக் கொடுத்து, மெத்துன்னு ஒரு பை தச்சுத் தாங்க" என்றார்.

தங்கையா பட்டு, சீட்டி, கட்டம் போட்ட லுங்கி எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தார். அதன் கீழே போர்வை. அதற்கும் கீழே முரட்டுக் காடாத் துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டினார். பிறகு ஓரம் தைப்பதற்காக, பட்டு உள்ளே போகவும் காடா வெளியே தெரியவும் இரண்டாக மடித்தார்.

காடாவுக்கு அதுதான் முதல் தையல். தான் வெளியே இருப்பதைப் பார்த்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன, எல்லாரும் உள்ளே போயிட்டீங்க?"

பட்டு, ரவிக்கை வெட்டிய மிச்சம். தைத்து முடித்ததும் திருப்புவார்கள் என்று அதற்குத் தெரியும். சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இனி பைக்கு நீங்கதான் முகம். நாங்க உங்க மடியில கிடக்கோம்" என்றது. "மெஷின்ல எண்ணெய் கசியுது. ஒரு சொட்டு பட்டா என் கதை முடிஞ்சது. நீங்கதான் பார்த்துக்கிடணும்."

"நான் இருக்கேன்லா!"

"தலைவர் வாழ்க!" என்றது லுங்கி.

மெஷின் ஓடியது. பட்டின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் சொட்டியது. காடா சட்டென்று புரண்டு அந்த முனையை மூடியது. காடாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

பட்டுக்குக் குரல் தழுதழுத்தது. "சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் அண்ணாச்சி. யார் கேட்டாலும் சொல்லுவேன், எனக்காக வாங்கின கறைன்னு."

ஓரம் முடிந்தது. தங்கையா பையின் வாய்க்குள் கையை விட்டு ஒரே இழுப்பாகத் திருப்பினார். பட்டு பளபளவென்று வெளியே வந்தது. காடா இருட்டுக்குள் போனது.

"என்ன தம்பி இது?"

"யாருக்கு யாரு தம்பி? சத்தம் போடாம உள்ளே கிட" என்றது பட்டு.

"தலைவர் வாழ்க!" என்றது லுங்கி, பட்டைப் பார்த்து.

டீச்சர் வந்து பட்டைத் தடவிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்ன அண்ணாச்சி, புதுப் பையில எண்ணெய்க் கறை? உள்துணியைப் பிரிச்சு எறிஞ்சிட்டு வேற போடுங்க."

துணியைக் காதருகே பிடித்தால் தங்கையாவுக்கு அதன் பேச்சு கேட்கும். முப்பது வருடப் பழக்கம். பையைத் தூக்கிப் பிடித்து, "என்னடே நடந்தது?" என்று கேட்டார்.

பட்டு சொல்லும் என்று காடா காத்திருந்தது.

"நான் அப்போ உள்ளே இருந்தேன். எதையும் பார்க்கலை" என்றது பட்டு.

தங்கையா பிளேடை எடுத்தார். முதல் இழையில் வைத்தவர் நிறுத்தினார். "டீச்சர், இதைப் பிரிச்சா பட்டுல ஓட்டை ஓட்டையா தெரியும். உள்ளேதானே, யாரு பார்க்கப் போறா?"

"சரி, பட்டுக்காக இருந்துட்டுப் போகட்டும்."

பை டீச்சரின் தோளில் ஏறியது. தெருமுனை திரும்புவதற்குள் பட்டு உள்பக்கமாகக் குனிந்தது.

"பார்த்தியா? என்னாலதான் நீ பிழைச்சே. ஒரு நன்றி சொல்லத் தெரியுதா உனக்கு?"

அன்றிலிருந்து தேங்காய், கருவாட்டுப் பொட்டலம், நனைந்த குடை எல்லாவற்றையும் காடாதான் தாங்குகிறது. பார்ப்பவர்கள் பட்டைப் பாராட்டுகிறார்கள். பட்டு ஏற்றுக்கொள்கிறது. நன்றி இன்னும் வரவில்லையே என்று காடாவை அவ்வப்போது கேட்கவும் செய்கிறது.

கறை போகவில்லை. அது யாருக்காக வாங்கியது என்று பட்டு இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.