ஆறு ஏறிய பரிசல்

வில்லவராயன் ஆண்ட கூடல்துறை வேங்கைநதியின் கரையில் இருந்தது. மலையிலிருந்து துள்ளிக் குதித்து வரும் குறத்தியாறு அங்கேதான் அந்தப் பெரிய நதியோடு சேரும். பெரிய நதியில் பாய் விரித்த தோணிகள் மேலும் கீழும் போய்வரும். குறத்தியாற்றிலோ முழத்துக்கு ஒரு பாறை. அதில் மலைச்சனங்களின் தோல் பரிசல்கள் மட்டும் தேனும் புளியும் ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி இறங்கும்.

அமைச்சர் அனந்தப்பிள்ளைக்கு அது கண்ணை உறுத்தியது. அவருடைய மைத்துனனுக்குப் பத்துத் தோணிகள் இருந்தன, விஷயம் அவ்வளவுதான். ஆற்றில் எதிர்த்து ஏறத் தெரியாத கூடையைப் படகு என்று சொல்வதே நாட்டுக்கு இழுக்கு என்று மன்னரின் காதைக் கடித்தார். கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதே மன்னருக்குச் சரி. பரிசல்களை எல்லாம் கொளுத்தும்படி ஆணை போட்டுவிட்டார்.

விகடகவி மாதையன் மன்னரிடம் ஓடினான். சபையில் எல்லாரையும் சிரிக்கவைப்பவன்தான், ஆனால் பிறந்தது பரிசல்காரர் வீட்டில். அண்ணன்மார் நாலு பேருக்கும் இன்றும் அதுதான் பிழைப்பு.

நாளை உச்சிப்பொழுதுக்குள் ஒரு பரிசலைக் குறத்தியாற்றின் மேலே இருக்கும் மலையூர் வரை ஏற்றிக் காட்டுகிறேன், அதுவரை தீ வைக்காதீர்கள் என்று கெஞ்சினான். அமைச்சர் விடுவாரா? துடுப்புப் போடக் கூடாது என்றார். சரி என்றான். கயிறு கட்டி இழுக்கக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது என்றார். அதற்கும் தலையாட்டினான். அமைச்சரும் அதே ஆற்றில் தோணியில் வரட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். மன்னர் சம்மதித்தார்.

மறுநாள் மன்னர் குதிரையில் மலையூர் போய்க் காத்திருந்தார். வெயில் உச்சிக்கு ஏறியபோது, கவிழ்ந்த பரிசல் ஒன்று கரைப்பாதையில் இரண்டு காலால் நடந்து வந்தது. அடியில் மாதையன்.

"என்னடா கூத்து இது?"

"இறங்குறப்போ அது எங்களைச் சுமக்கும் மகாராஜா. ஏறுறப்போ நாங்க அதைச் சுமப்போம். எங்க பாட்டன் காலத்துலேருந்து இப்படித்தான்."

அப்படியானால் ஏறியது நீதான், பரிசல் இல்லை என்று மன்னர் முகம் சுளித்தார். தீப்பந்தம் கொண்டுவரச் சொன்னார்.  மாதையன் ஆறு இறங்கிப் போகும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பக்கமிருந்துதான் ஆடு மேய்ப்பவன் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். பாறையில் மோதித் தோணி உடைந்துவிட்டதாம். தோணிக்காரர்கள் எப்படியோ நீந்திக் கரையேறிவிட்டார்களாம். நீச்சல் தெரியாத அமைச்சர் நட்டாற்றில் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு அலறுகிறாராம்.

மன்னர் பதறிப்போய், பரிசலை இறக்கி உடனே அவரைக் கரை சேர்க்கச் சொன்னார்.

மாதையன் பணிவாகக் கைகட்டினான்.

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். பரிசலை இப்பவே கொளுத்தட்டுமா, அமைச்சரை ஏத்தி இறக்கிட்டுக் கொளுத்தட்டுமா?"

மன்னர் விழித்தார். பிறகு குதிரை மிரளும் அளவுக்குச் சிரித்தார். அங்கேயே ஆணையை ரத்து செய்து, கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றி மாதையனுக்குப் போட்டார்.

அனந்தப்பிள்ளை பத்திரமாகக் கரை சேர்ந்தார். பரிசல் சுற்றிய சுற்றில் வழி நெடுக அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.