ஐவர் கட்டிய பரிசல்

ஒரு காட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. இந்தக் கரையில் குகைகளும் புதர்களும் மரப்பொந்துகளும் நிறைய இருந்தன. குடியிருக்க நல்ல இடம். அந்தக் கரையில் அத்தியும் நாவலும் கொத்துக் கொத்தாகப் பழுத்தன. வீடு ஒரு பக்கம், சாப்பாடு மறுபக்கம் என்றால் என்ன செய்வது? ஆற்றைக் கடந்துதான் ஆக வேண்டும்.

கோடையில் கவலை இல்லை. பாறைக்குப் பாறை தாவிப் போய்விடலாம். மழைக்காலம் வந்தால் பாறைகள் மூழ்கிவிடும். அப்போது ஆற்றைக் கடக்க ஒரே வழி நரியின் பரிசல்தான்.

நரி மிகவும் தந்திரமானது. அந்தப் பரிசலை அது செய்யவில்லை. எங்கிருந்தோ வெள்ளத்தில் மிதந்து வந்ததை முதலில் பார்த்து, பிடித்து, ஒரு மரத்தில் கட்டிப்போட்டது. அவ்வளவுதான். போகும்போது யாரிடமும் எதுவும் கேட்காது. திரும்பும்போது, பறித்த பழத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். அந்தப் பழத்தை மலைக்கு அப்பால் வாழும் கருங்குரங்குகளிடம் கொடுத்து, தேனும் கிழங்கும் வாங்கி வந்து தனியாகச் சாப்பிடும்.

இந்தக் கரையில் ஓர் அணில் இருந்தது. சிறு சத்தம் கேட்டாலும் நடுங்கும் பயந்த அணில். ஒரு மழைக்காலத்தில் அதன் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலுக்கு மருந்தான நிலவேம்பு அக்கரையில்தான் முளைத்திருந்தது. அணில் போய் ஒரு பிடி நிலவேம்பு பறித்துக்கொண்டு ஓடி வந்தது.

நரி அதைப் பார்த்தது. கசப்பு இலையில் பாதி தனக்கு எதற்கு என்று கேட்டது. அதற்குப் பதிலாக அணிலின் பொந்தில் இருக்கும் பழமும் கொட்டையும் முழுவதும் வேண்டும் என்றது. அணில் பேரம் பேசவில்லை. குட்டியின் முகம்தான் அதன் கண்முன் நின்றது. சரி என்று தலையாட்டிவிட்டுப் பரிசலில் ஏறியது.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் பொந்து காலியாகிவிட்டது. மழை விடும் வரை அணில் குடும்பம் மரப்பட்டையைச் சுரண்டித் தின்றது.

இது முள்ளம்பன்றியின் காதுக்கு எட்டியது. முள்ளம்பன்றிக்குச் சட்டென்று கோபம் வரும். நரியைக் குத்திவிட்டுத்தான் வருவேன் என்று கிளம்பியது. பாதி வழியில் நின்று யோசித்தது. நரியைக் குத்தினால் நரிக்கு வலிக்கும். அணிலின் பொந்து நிறையுமா? அது திரும்பி வந்து கரடியையும் குரங்கையும் ஆமையையும் அணிலையும் கூப்பிட்டது.

"நரியிடம் ஒரு பரிசல் இருக்கிறது. அதனால் அது சொல்வதுதான் கூலி. நாமே ஒரு பரிசல் செய்துகொண்டால் என்ன?" என்று கேட்டது.

அடுத்த கோடையில் வேலை தொடங்கியது. முள்ளம்பன்றி கூரிய பல்லால் மூங்கிலைக் கடித்து வெட்டியது. குரங்கு அதைப் பிளந்து கூடைபோலப் பின்னியது. எந்த வேலையையும் பாதியில் விட்டுவிட்டு ஓடும் குரங்கு, இந்த ஒரு வேலையை மட்டும் முடித்தது. அதை நினைத்து அதற்கே ஆச்சரியம். கரடி உயரமான குங்கிலிய மரங்களில் ஏறிப் பிசின் கொண்டுவந்தது. அணில் தேக்கிலைகளைப் பொறுக்கி வந்து, பிசின் பூசிய இடமெல்லாம் ஒட்டியது. ஆமைக்கு ஆற்றின் சுழல்கள் எல்லாம் தெரியும். துடுப்புப் பிடிக்கும் வேலை அதனுடையது. ஆமைக்குத்தான் நீந்தத் தெரியுமே என்கிறீர்களா? தெரியும். ஆனால் முதுகில் வைத்த பழங்கள் தண்ணீரில் போய்விடுமே!

பரிசல் முடிந்த அன்று ஒரு சண்டை வந்தது. தான்தான் பெரியவன், பிசினும் தன்னுடையது, அதனால் தனக்குப் பெரிய பங்கு வேண்டும் என்றது கரடி. பின்னல் இல்லாமல் பிசினை எதில் பூசுவாய் என்றது குரங்கு. அணில் எதுவும் கேட்கவில்லை. நாலு இலை ஒட்டியதற்குப் பங்கு கேட்க அதற்கு வெட்கமாக இருந்தது.

முள்ளம்பன்றி நடுவில் வந்து நின்றது. "பிசின் இல்லாமல் இதை மிதக்க விடுங்கள். பின்னல் இல்லாமல் மிதக்க விடுங்கள். அணில் ஒட்டிய இலை இல்லாமலும் மிதக்க விடுங்கள். எது இல்லாவிட்டாலும் மிதக்கிறதோ, அதைச் செய்தவருக்குப் பங்கு வேண்டாம்" என்றது.

கரடி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அணிலைத் தூக்கித் தன் தோளில் உட்கார வைத்துக்கொண்டது.

ஐவருக்கும் சமபங்கு, எதை முடிவு செய்தாலும் ஆளுக்கு ஒரே குரல் என்று முடிவாயிற்று. பத்துப் பழத்துக்கு ஒன்றைப் பொதுவில் போட வேண்டும். பரிசலைப் பழுது பார்க்கும் நாளில் எல்லாரும் அதிலிருந்து சாப்பிடலாம். பருவம் முடிந்ததும் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

மழை வந்தது. புதுப் பரிசல் ஆற்றில் இறங்கியது. ஒரு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. அணிலின் பொந்து மறுபடி நிறைந்தது.

நரி கோபப்படவில்லை. அது ஒரு நாள் காலையில் கரையில் நின்று, இனித் தன் பரிசலில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போகலாம் என்று அறிவித்தது.

முதலில் போனது கரடிதான். கரடியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் குழந்தைகளே, அதன் வயிறு பெரியது. பத்தில் ஒரு பழம் என்றாலும் அதற்குப் பழம்தான். அடுத்து குரங்கு போனது. நரியின் பரிசலில் உட்கார மெத்தைபோல வைக்கோல் போட்டிருக்கிறது என்று அது வந்து சொன்னதும் அணிலும் போனது. கடைசியில் முள்ளம்பன்றியும் ஒரு நாள், இன்று மட்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறியது. மறுநாளும் அதையே சொன்னது.

ஐவர் கட்டிய பரிசலில் ஆமை மட்டும் தனியாகப் போய் வந்தது. தனியாகவே பத்தில் ஒன்றைப் பொதுவில் போட்டது. பிசின் உதிர்ந்த இடங்களை அது பார்த்தது. ஆனால் ஆமையால் மரம் ஏற முடியுமா? களிமண்ணைக் குழைத்து, எட்டிய இடத்தில் மட்டும் அப்பிவைத்தது.

ஐப்பசி பிறந்தது. ஆறு செந்நிறமாகப் பொங்கியது. ஒரு மாலையில் நால்வரும் கூடை நிறையப் பழங்களோடு அக்கரையில் நின்றபோது, நரி பரிசலைக் கொண்டுவந்து நிறுத்தியது.

"இன்றிலிருந்து பத்துக்கு ஏழு" என்றது.

கரடி உறுமியது. நரி துடுப்பால் தண்ணீரைத் தள்ளி, பரிசலைக் கரையிலிருந்து சற்று விலக்கியது. "அவசரம் இல்லை. இங்கேயே இருந்து யோசியுங்கள்" என்றது. இக்கரையில் குட்டிகள் காத்திருந்தன. நால்வரும் கொடுத்துவிட்டு ஏறினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் தங்கள் பரிசலைத் தேடிப் போனார்கள். அது கரையில் கவிழ்ந்து கிடந்தது. அடிப்பகுதியில் மூன்று இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. பக்கத்தில் ஆமை களிமண் குழைத்துக்கொண்டிருந்தது. திட்டு விழும் என்று நால்வரும் தலை குனிந்து நின்றார்கள்.

ஆமை நிமிர்ந்து பார்த்தது. "வந்துவிட்டீர்களா? கரடியண்ணா, குங்கிலிய மரத்தில் ஏற ஆள் இல்லாமல்தான் இருந்தேன்" என்றது.

கரடி உடனே பிசின் கொண்டுவரக் காட்டுக்குள் ஓடியது.

மூன்று நாள் விடாத மழை. மழையில் பிசின் காயாது. கரடியின் குகைக்குள் பரிசலைத் தூக்கிவந்து, பக்கத்தில் நெருப்பு மூட்டி உலர்த்தினார்கள். பொதுவில் இருந்த பழம்தான் மூன்று நாளும் சாப்பாடு. பெரும்பாலும் ஆமை தனியாகப் போட்டுவைத்த பழம் அது. கரடி தனக்குப் பசியில்லை என்று பொய் சொன்னது. யாரும் நம்பவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து அதன் வாயில் இரண்டு பழங்களைத் திணித்தார்கள்.

நரி தினமும் குகை வாசலுக்கு வந்தது. முதல் நாள் பத்துக்கு ஆறு போதும் என்றது. இரண்டாம் நாள் ஐந்து என்றது. மூன்றாம் நாள் குகைக்குள் பழம் தீர்ந்துவிட்டது. அன்று நரி, பத்துக்கு ஒன்றே போதும், உங்கள் பரிசலில் கொடுப்பதும் அதுதானே என்றது.

பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்த குரங்கின் கை நின்றது. கரடி முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றிக்கும் பசி. எல்லாருக்கும் முன்னால் பேசியது அணில். அதன் வால் நடுங்கியது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"நரியண்ணா, இன்று ஒன்று என்று சொல்வதும் நீங்கள்தான், நாளை ஏழு என்று சொல்வதும் நீங்கள்தான். இந்தப் பரிசலில் எவ்வளவு என்று நாங்கள் ஐவரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். என் குரலும் அதில் ஒன்று. நாங்கள் இதிலேயே போகிறோம்."

நரி போய்விட்டது. குரங்கின் கை மறுபடி பின்னத் தொடங்கியது.

நான்காம் நாள் காலையில் பரிசலை ஆற்றில் இறக்கினார்கள். ஆமை துடுப்புப் பிடித்தது. நடு ஆற்றில் ஒரு சுழல் பரிசலைப் பம்பரமாகச் சுற்றியது. ஓர் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. குரங்கு அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தியது. அணில் கண்ணை மூடிக்கொண்டது. ஆமை மட்டும் அவசரப்படாமல், சுழலின் போக்கிலேயே ஒரு சுற்றுப் போய், அது தளர்ந்த இடத்தில் துடுப்பை ஊன்றித் தள்ளியது. பரிசல் அக்கரையை முட்டி நின்றது.

அதன் பிறகு நரியின் பரிசலில் யாரும் ஏறவில்லை. பழம் பறித்துப் பழக்கமில்லாத நரிக்குப் பழமும் இல்லை; பழமில்லாததால் தேனும் கிழங்கும் இல்லை. மார்கழியில் அது மெலிந்துபோய் ஐவரிடமும் வந்தது. தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பரிசலோடு வருவதால் தனக்கு மட்டும் ஐந்து குரல் வேண்டும் என்றும் கேட்டது. மெலிந்தாலும் நரி நரிதானே!

கரடி விரட்டிவிடலாம் என்றது. ஆமை ஒப்பவில்லை. ஆற்றைக் கடக்க வேண்டிய யாரையும் விட்டுவிடக் கூடாது என்றது. பேச்சு நெடுநேரம் நடந்தது. கடைசியில் முள்ளம்பன்றி வந்து முடிவைச் சொன்னது. "பரிசலோடு வா. வேலைக்கும் வா. குரல் ஒன்றுதான்."

நரி முணுமுணுத்துக்கொண்டே சேர்ந்தது. ஆனால் அதனால் எல்லாருக்கும் நன்மைதான். மலைக்கு அப்பால் போகும் வழியும், கருங்குரங்குகளோடு பேரம் பேசும் வித்தையும் நரிக்கு மட்டுமே தெரியும். பருவம் முடிந்து மிஞ்சிய பழத்தை எல்லாருமாக அங்கே கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு அணில் குட்டிகள் முதல் முறையாகத் தேன் சாப்பிட்டன. இக்கரையில் தின்று போட்ட விதைகளிலிருந்து அத்திக் கன்றுகளும் தலைகாட்டின.

ஒரு கூட்டத்தில், பிசின் பூசும் நாளைத் தள்ளிப்போடலாம் என்றது நரி. மற்ற ஐவரும் கூடாது என்றார்கள். நரி கோபித்துக்கொண்டு எழுந்து போனது. மறுநாள் விடிந்தபோது, பிசின் சட்டியோடு கரையில் முதல் ஆளாக நின்றது.

மறு ஆண்டு மழையில், காட்டுத்தீயில் வீடிழந்த சருகுமான் குடும்பம் ஒன்று தூர தேசத்திலிருந்து வந்து சேர்ந்தது. அன்று துடுப்பு நரியின் கையில் இருந்தது. ஆற்றைக் கடக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தாய் மான் தயங்கிக் கேட்டது.

நரி பரிசலைப் பார்த்தது. கரையில் பழம் இறக்கிக்கொண்டிருந்த கரடியையும் அணிலையும் பார்த்தது.

"எங்களிடம்தான். ஏறிக்கொள்ளுங்கள்" என்றது. பிறகு குட்டி மானுக்கு இடம் விட்டு நகர்ந்தபடி, "நாளைக்குக் கூட்டம் இருக்கிறது. நீங்களும் வந்துவிடுங்கள்" என்றது.

நீதி: எல்லாருக்கும் தேவையானதை எல்லாரும் சேர்ந்து சொந்தமாக்கிக்கொண்டால் எல்லாரும் வாழலாம், சொந்தமானதைச் சேர்ந்தே காப்பாற்றவும் வேண்டும்.