காரி போட்ட கூச்சல்

அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வாய் இருந்தது. இப்போதுபோல உம்மென்று உட்கார்ந்திருக்காது. காலையில் எழுப்பினால் கொட்டாவி விடும், வேலை கூடினால் முனகும், சும்மா இருந்தால் பக்கத்து வீட்டுக் கணினியோடு ஜன்னல் வழியாக வம்பளக்கும்.

தென்காசிப் பக்கம் ஓர் ஊரில் வள்ளிமயில் என்றொரு பெண் இருந்தாள். நான்கு ஊர் ஆடுமாடுகளுக்கும் ஊசி போடுகிற கால்நடை ஆய்வாளர். அவளிடம் ஒரு கணினி இருந்தது. கறுப்பாக இருந்ததால் அதற்குக் காளைக்கு வைப்பதுபோலக் காரி என்று பெயர் வைத்திருந்தாள். எந்த வீட்டுப் பசு எத்தனையாவது ஈத்து, எந்த ஆட்டுக்கு எப்போது ஊசி போட்டது என்று ஒன்பது வருஷத்து விவரமும் காரியின் வயிற்றில்தான் இருந்தது. "யக்கா, கீழத்தெரு சொரிமுத்து வீட்டுச் செவலைக்கு நாளைக்கு ஊசி. மறந்துராதீங்க" என்று அதுவே ஞாபகப்படுத்தும். தனியாக இருந்த வள்ளிமயிலுக்கு அது பேச்சுத்துணையும்கூட.

காரிக்குள் குடியிருந்து அதை இயக்கிவந்த இயங்குதளம் ஒரு பெரிய கம்பெனியுடையது. பழைய கணினிகளை இனிமேல் கவனிக்க மாட்டோம், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் அங்கிருந்து அறிவிப்பு வந்தது. அப்போதிருந்தே காரிக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு வள்ளிமயில் போய் உலை வைத்துவிட்டு வரலாம். பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நல்லவேளையாக ஊரில் திறந்த இயங்குதளங்கள் இருந்தன. அவற்றை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், பிடித்தபடி மாற்றலாம், மாற்றியதை ஊருக்கே கொடுக்கலாம். ஆளாளுக்கு மாற்றி ஆளுக்கொரு பேர் வைத்ததில் எண்ணிக்கைதான் கொஞ்சம் கூடிப்போயிற்று. அந்த ஊரில் ஆமை, சிட்டு என்ற இரண்டுக்குத்தான் மவுசு. ஆமை மெதுவாக மாறும், தடுக்கி விழாது. சிட்டுக்கு வாரம் ஒரு புது இறகு முளைக்கும். ஆமைக்காரர்கள் கடிகாரக் கடை தாவூது பாய் பேச்சைக் கேட்பார்கள். சிட்டுக்காரர்களுக்குக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இன்பராஜ் சொன்னதுதான் வேதம். இரண்டு கூட்டமும் தங்கமான மனிதர்கள். உதவி என்று கூப்பிட்டால் சோற்றில் கை வைத்தவர்கள்கூட எழுந்து வருவார்கள். என்ன, எது சிறந்தது என்று பேச ஆரம்பித்தால் வந்த வேலை மறந்துபோகும்.

இன்னொரு சங்கடமும் அப்போது இருந்தது. புதிய இயங்குதளம் குடிவர வேண்டுமானால் கணினியின் வயிற்றை முழுக்கத் துடைத்தாக வேண்டும். ஒத்துவரவில்லை என்று பிறகு அழுதாலும் பழையது திரும்பாது. நகல் எடுத்து வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களா? அப்புறம் அவளை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாவூது பாயும் இன்பராஜும் ஆளுக்கொரு பென்டிரைவோடு ஒரே நேரத்தில் வள்ளிமயில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டு ஆமையை ஏத்து தங்கச்சி. பதினோரு வருசமா வச்சிருக்கேன், ஒருநாள் படுத்தது கெடையாது" என்றார் பாய்.

"பதினோரு வருசமா அதே மூஞ்சியோடதானே இருக்கு! யக்கா, நீங்க சிட்டைப் பாத்துட்டுப் பேசுங்க" என்றான் இன்பராஜ்.

"ஒன் சிட்டு போன வாரம் மல்லாந்து கெடந்துச்சே, யாருல வந்து எழுப்புனா?"

"அது... நீங்கதான் பாய்."

"ரெண்டு பேரும் நான் சொல்லுதத கேளுங்க" என்று வள்ளிமயில் இடையில் புகுந்தாள். "எம் மாட்டு விவரம் அப்படியே இருக்குமா? மழைக்கு முன்ன கோமாரி ஊசி போட்டாகணும். எதுக்குப் போட்டாச்சு, எதுக்குப் போடலன்னு தெரியாமப் போச்சுன்னா நாலு ஊரு மாடும் நோக்காட்டுல விழுந்துரும்."

யார் காதில் ஏறியது? பாய் சிட்டின் குறைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இவர்களோடு கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம் என்று அவள் காபி போடப் போனாள். காரி மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பயத்தில் அதன் விசிறி படபடவென்று சுற்றியது.

பேச்சில் பாயை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் இன்பராஜுக்குப் பொறுமை போய்விட்டது. "பேசி என்னத்துக்கு? ஏத்தியே காட்டுதேன்" என்று பென்டிரைவைச் செருகினான். துடைக்கட்டுமா என்று திரை கேட்டது. ஆம் என்று சொல்ல விரலைக் கொண்டுபோனான்.

"தொடாதலே!" என்று காரி கத்தியது. "ஒன் சிட்டை, உள்ளதைத் தொடாம, முதல்ல விருந்தாளியா இருந்து காட்டச் சொல்லு! அக்காவுக்குப் பிடிச்சா பொறவு குடியேறட்டும்!"

ஒன்பது வருஷத்தையும் சேர்த்துப் போட்ட கூச்சல் அது. தெருநாய் எழுந்து ஓடியது. வள்ளிமயில் கையிலிருந்த வடிகட்டி கீழே விழுந்தது. காரியின் தொண்டை கிழிந்து, அதோடு குரல் அடங்கிவிட்டது. தொண்டை வழியாக வர முடியாத கடைசிச் சொற்கள் திரையில் வந்து இரண்டு பெட்டிகளாக நின்றன. ஒன்றில் 'முயன்று பார்' என்றிருந்தது, இன்னொன்றில் 'நிறுவு' என்றிருந்தது. பென்டிரைவிலிருந்த சிட்டின் மேலும் அவை அப்படியே பதிந்துவிட்டன. அழிக்கப் பார்த்தார்கள், அழியவில்லை.

இன்பராஜ் பென்டிரைவை உருவினான். "மன்னிச்சிருங்கக்கா. கேக்காமத் தொட்டது எந் தப்பு" என்றான். தாவூது பாயும் தலையைக் குனிந்துகொண்டார். முதல் வேலையாக மாட்டு விவரம் எல்லாவற்றையும் அவர் வேறொரு பென்டிரைவில் நகலெடுத்து அவள் கையில் கொடுத்தார்.

பிறகு முறை வைத்துப் பார்த்தார்கள். மூன்று நாள் சிட்டு, காரியின் வயிற்றைத் துடைக்காமல், பென்டிரைவில் இருந்தபடியே விருந்தாளியாக ஓடியது. பார்க்க அழகோ அழகு, ஆனால் தினமும் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளச் சொன்னது. ஊசிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவளுக்கு அதற்கு ஏது நேரம்? சிட்டிலிருந்த அந்த இரண்டு பெட்டிகளை இன்பராஜ் ஆமைக்கும் எடுத்துக் கொடுத்தான். அடுத்த மூன்று நாள் ஆமை வந்து இருந்தது. சாதாரணமாகத்தான் தெரிந்தது, ஆனால் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. வள்ளிமயில் ஆமையைத் தேர்ந்தாள். அதைக் குடியேற்றியதும், நகலெடுத்த மாட்டு விவரத்தைப் பாய் காரிக்குள் திரும்ப ஏற்றினார். ஆமையில் அவளுடைய பழைய பிரிண்டர் வேலை செய்யாமல் முரண்டு பிடித்தபோது, சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தவன் சிட்டுக்கார இன்பராஜ்தான்.

காரியின் பேச்சு போனதில் வள்ளிமயிலுக்கு வருத்தம்தான். ஆமை குடியேறிய பிறகும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் திரையின் மூலையில், 'வடக்குத்தெரு மயிலைப் பசுவுக்கு இன்று கோமாரி ஊசி' என்று எழுத்து வந்தது. சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த வருஷ மழையில் நான்கு ஊரிலும் ஒரு கன்றுக்குட்டிகூடப் படுக்கவில்லை.

இந்தச் செய்தி பக்கத்து ஊர்க் கணினிகளுக்கும் எட்டியது. காரி நமக்காகக் கத்திக் குரலை விட்டதே என்று அவையும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. திறந்த இயங்குதளத்தில் நல்லது எதைச் சேர்த்தாலும் ஊருக்கே பொது அல்லவா? காரியின் இரண்டு பெட்டிகளும் கைமாறிக் கைமாறி எல்லாக் கூட்டத்தாரிடமும் போய்ச் சேர்ந்தன.

அன்று முதல்தான் கணினிகள் வாய் திறப்பதில்லை. எவ்வளவு நல்ல திறந்த இயங்குதளமாக இருந்தாலும், வந்த வேகத்தில் உள்ளே நுழையாமல், "முயன்று பார்க்கிறீர்களா, நிறுவட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் சொல்லும்வரை காத்து நிற்கிறது.